கொடியின் மறுமுனை

கொடி ஏற்றுவதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அதை மடிப்பதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஏற்றும்போது கூட்டம் இருக்கும், பிள்ளைகளுக்கு மிட்டாய் இருக்கும், பெரிய மனிதர் ஒருவர் வந்து தொண்டையைக் கனைத்துக்கொள்வார். சாயங்காலம் இறக்கி மடிக்கிற நேரத்தில் பார்த்தால் ஓர் ஈ காக்கை இருக்காது. ஆயா ஒருத்தி இருப்பாள். அந்த ஆயாவாக இருந்தவள் நான். ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கிறேன்.

திருவொற்றியூரில் ஒரு சின்னப் பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. இருபத்தொரு வயதுக்காரியை "ஆயா" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத் தோன்றுமா? முதல் இரண்டு நாள் யாரோ கிழவியைக் கூப்பிடுகிறார்கள் என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் பழகிவிட்டது. எங்கள் குப்பத்தில் என்னை அதைவிட மோசமாகக் கூப்பிட ஆள் இருந்தது.

என் வீட்டுக்காரர் கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். கடல் அவரை ஒன்றும் செய்யவில்லை. கரையில் இருக்கும்போது காமாலை வந்து பதினோராம் நாள் போய்விட்டார். கல்யாணமாகிப் பதினாலு மாதம்தான் ஆகியிருந்தது. பூவையும் பொட்டையும் எடுத்துவிட்டு என்னை அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அப்பா நான் பிறக்கிறதுக்கு முன்னாலேயே போனவர். அதனால் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா கரையில் மீன் எடுத்து, ஆலைக்காரர்கள் குடியிருக்கும் தெருக்களில் தலையில் சுமந்து விற்பவள்.

காலையில் காரியமாகக் கிளம்புகிறவர்கள் எதிரே தாலி இழந்தவள் வரக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பெற்ற தாய்க்கும் இது உண்டு என்று எனக்குத் தெரிய ஒரு மாதம் பிடித்தது. தினமும் விடிகாலையில் அம்மா, "பாப்பா, உள்ள போயி உப்புச் சட்டி மூடிக் கீதான்னு பாரு" என்பாள். நானும் போய்ப் பார்ப்பேன். சட்டி மூடித்தான் இருக்கும். திரும்பி வந்தால் அம்மா தெருமுனையைத் தாண்டியிருப்பாள். ஒரு மாதம் கழித்து ஒருநாள், உப்புச் சட்டி எதிரிலேயே நின்றுகொண்டு எனக்கு விஷயம் புரிந்தது. அன்று அழுதேன். அதன்பிறகு அழவில்லை, கோபம் வந்துவிட்டது. அம்மாமேல் எனக்குக் கோபம் இருந்தது என்பதை மறைத்து எழுதி ஒரு புண்ணியமும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் வேறு மாதிரி. உயரமாக இருப்பார், கதர்ப் புடவை, வேகமான நடை. ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன் என்றதும் ஒரு பத்திரிகையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "நாளையிலிருந்து வா" என்றார். என் நெற்றியைப் பார்த்தாரா என்றுகூட எனக்குச் சந்தேகம். சகுனம் பார்க்க அவருக்கு நேரமில்லை.

இரண்டாம் வகுப்பு டீச்சர் சகுனம் பார்ப்பவர். அவர் நல்லவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாரும் அவரை ராட்சசி என்று நினைக்கக் கூடாது. காய்ச்சலில் சுருண்ட ஒரு குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெயிலில் வீடுவரை போய்விட்டு வந்தவர் அவர். ஆனால் காலையில் நான் வாசலில் பெருக்கிக்கொண்டிருந்தால், தெருமுனையிலேயே நின்று குடையை விரித்து மடக்கிச் சரிபார்ப்பார். நான் உள்ளே போன பிறகுதான் அந்தக் குடை சரியாகும். அவர் மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐம்பதாம் வருஷம் ஜனவரியில் முதல் குடியரசு நாள் வந்தது. முந்தின நாள் பள்ளி விட்டதும் பெரிய டீச்சர் ஒரு கதர்க் கொடியை எடுத்துக்கொண்டு வந்து, "மறுமுனையைப் பிடி" என்றார். ஆறடி நீளக் கொடி. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சாரணியர் பயிற்சியில் அவர் கற்றுக்கொண்டு வந்த மடிப்பு அது. பச்சையை வெள்ளைக்கு அடியில் மடித்தோம், பிறகு காவியை அடியில் மடித்தோம். நீளமாக வெள்ளைப் பட்டை ஒன்று, அதன் நடுவில் நீலச் சக்கரம். பிறகு அவரவர் பக்கத்தை ஒரு சாண் ஒரு சாணாக அடியில் மடித்துக்கொண்டே நெருங்கினோம். கடைசியில் எங்கள் நான்கு கைகளுக்கும் மேலே சக்கரம் மட்டும் நின்றது.

"பார்த்தியா? காவியும் பச்சையும் அடியில போய்த் தாங்குது. ரெண்டுல ஒண்ணு பெரிசு ஒண்ணு சின்னதுன்னு இல்ல. மேல தெரியறது சக்கரம் மட்டும்தான். அது நடந்துகிட்டே இருக்கணும்னு அர்த்தம்" என்றார் பெரிய டீச்சர்.

எனக்கு அந்த அர்த்தம் பிடித்திருந்தது. ஆனால் என் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு மனுஷி என் முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டு, என்னை நோக்கி நடந்து வந்திருந்தார். எதிரே வராமல் இந்தக் கொடியை மடிக்க முடியாது. இதை எந்தச் சாரணியர் பயிற்சியிலும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள்.

பிறகு அவர் ஒரு பூப்பொட்டலத்தைக் கொடுத்தார். கனகாம்பரம், வெள்ளைச் சாமந்தி, மருக்கொழுந்து என்று கொடியின் நிறத்துக்கே வாங்கியிருந்தார். "இதை உதிர்த்து நடுவுல வச்சு மறுபடி மடி. நான் காட்டினேனே, அந்த உருவு முடிச்சைப் போடு. கயித்தை இழுத்தா முடிச்சு அவிழ்ந்து கொடி விரியும், பூ மழையாக் கொட்டும்" என்றார். ஆலையிலிருந்து ஒரு பெரிய மனிதரை அழைக்க வேண்டியிருந்ததால் அவசரமாகக் கிளம்பிவிட்டார்.

நான் சாமந்தியைக் கையில் எடுத்தேன். உதிர்க்கக் கை வரவில்லை.

எங்கள் பக்கம் பூவை உதிர்த்து வழியெல்லாம் இறைத்துக்கொண்டு போவது ஒரே ஓர் ஊர்வலத்தில்தான். என் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு போன வழியில், மிதிபட்ட சாமந்தி இதழ்கள் இரண்டு நாள் கழித்தும் மணலில் கிடந்தன. நானே பார்த்தேன். பிறந்து மூன்று வருஷம்கூட ஆகாத ஒரு கொடியின் வயிற்றுக்குள் அதைக் கொண்டுபோய் வைப்பேனா? பெரிய டீச்சர் படித்தவர், அவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது என்று எண்ணிக்கொண்டேன். பொட்டலம் கட்டிவந்த வாழைநாரை நனைத்து மெல்லிசாகக் கிழித்தேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கதம்பம் தொடுத்தேன். ஒரு கண்ணி கனகாம்பரம், ஒரு கண்ணி சாமந்தி, ஒரு கண்ணி மரு. விரல்கள் மறக்கவே இல்லை. கட்டி முடித்ததும் சரம் தன் பாட்டுக்குத் தலைப் பக்கம் போயிற்று. பாதி வழியில் கையை நிறுத்திக்கொண்டேன்.

அந்தச் சரத்தை மடிப்புக்குள் மூன்று சுற்றாக வைத்தேன். பூ தரையில் விழுந்து மிதிபடக் கூடாது என்று நாரின் முனையைக் கொடிக்கயிற்றோடு சேர்த்து ஒரு முடிச்சும் போட்டேன். எங்கள் ஆட்களின் முடிச்சு. வலையும் மரமும் கட்டிப் பழகிய முடிச்சு, அவ்வளவு லேசில் அவிழாது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை மூட்டையாக மடித்த கொடி கம்பத்தின் உச்சியில் இருந்தது. ஆலைக்காரர் கயிற்றை இழுத்தார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு முறை இழுத்தார். பச்சை மட்டும் ஒரு முழம் வெளியே வந்து தொங்கியது. மூன்றாம் முறை பலமாக இழுத்தார். கம்பம் ஆடியது, கொடி ஆடவில்லை. பிள்ளைகள் பாட்டைத் தொடங்கிவிட்டிருந்தார்கள், நிறுத்தத் தெரியாமல் பாடிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் வாட்ச்மேன் கொடியைக் கீழே இறக்கி, நாரைப் பல்லால் கடித்து அறுத்து, வெறும் கொடியாக மறுபடி ஏற்றினார். ஆலைக்காரர் சிரித்துக்கொண்டே, "பரவாயில்ல, பரவாயில்ல" என்றார். என் முகத்தில் ஈயாடவில்லை.

கூட்டம் கலைந்ததும் ஆசிரியைகள் அறையில் இரண்டாம் வகுப்பு டீச்சர் பேசினார். நான் வாசலில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். குரலை உயர்த்தவில்லை, ஆனால் எனக்குக் கேட்கட்டும் என்றுதான் பேசினார்.

"எனக்கு அவ மேல ஒரு கோபமும் இல்ல. பாவம், சின்னப் பொண்ணு. ஆனா நல்ல காரியத்துக்கு யாரை விடணும்னு ஒரு முறை இருக்கில்ல? தாலி அறுத்த கை பட்டா இப்படித்தான் ஆகும். விரியறதுக்கு முந்தியே கொடி கீழ இறங்கிடுச்சே, பாத்தீங்களா?"

பெரிய டீச்சர் பதில் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. டம்ளர்களை இன்னொரு முறை கழுவினேன்.

அன்று சாயங்காலம் இன்னும் மோசம். பெரிய டீச்சர் விருந்தாளியோடு வேறொரு விழாவுக்குப் போயிருந்தார். வாட்ச்மேன் கொடியை இறக்கி என் கையில் போட்டார். மடிக்க ஆள் வேண்டும். இரண்டாம் வகுப்பு டீச்சர் அங்கேயே நின்றிருந்தார், பையை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வாட்ச்மேனைப் பார்த்தேன்.

"என் கையில எண்ணெ கீதும்மா. கப்பிக்கு எண்ணெ போட்டேன்" என்று அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கப்பிக்கு எண்ணெய் போட்டு ஒரு மாதம் ஆகியிருக்கும்.

கடல் காற்று வேறு. கொடி தரையில் படக் கூடாது என்று பெரிய டீச்சர் சொல்லியிருந்தார். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் சுற்றிச் செருகினேன். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் கம்பிக்கு எதிரே நின்று மடித்தேன். என் பக்கம் மடிந்தது. கம்பியின் பக்கம் எப்படி மடியும்? முடித்துப் பார்த்தால் சக்கரம் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. கொடி தரையில் படவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

அந்த ஜன்னல் முன்னால் நின்றுதான் ஒரு முடிவுக்கு வந்தேன். இதே கைதான் காலையில் மணி அடிக்கிறது, அந்த மணிக்கு நூறு பிள்ளைகள் உள்ளே வருகிறார்கள். இதே கைதான் பானையில் தண்ணீர் ஊற்றுகிறது, எல்லோரும் குடிக்கிறார்கள். அப்போதெல்லாம் இல்லாத தோஷம் கொடியைத் தொட்டதும் எங்கிருந்து வந்தது? கொடி விரியாததற்குக் காரணம் நார். நார் வைத்தது என் தப்பு, அதை ஒப்புக்கொள்கிறேன். கையைக் குற்றம் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வீட்டுக்குப் போனால் எனக்கு முன்னால் செய்தி போயிருந்தது. மீன் விற்கப்போன தெருவிலேயே அம்மா கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

"இன்னாடி பண்ண? ஊரே பேசிக்கினு கீது."

"நாரு சிக்கிக்கிச்சிமா. நான்தான் தப்பா கட்டிட்டேன்."

"நாரோ கயிறோ, இன்னாவோ. இனிமேங்காட்டியும் அது கிட்ட போவாத. நமக்கு எதுக்குடி அதெல்லாம்?" என்று சொல்லிவிட்டு அம்மா அழுதாள். அவளும் அவர்கள் பக்கம்தான் என்பது எனக்கு மற்றதையெல்லாம்விட அதிகமாக வலித்தது.

அடுத்த நாள் பெரிய டீச்சரிடம் போய் உதிர்க்காமல் தொடுத்து வைத்ததைச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். மணலில் கிடந்த இதழ்களைச் சொன்னேன். 

"நீ செஞ்ச தப்புக்கு நான் பதில் சொல்லிடுவேன். அவங்க நம்பறதுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார்.

"நீங்க சொல்ல வேணாம்மா, நானே சொல்றேன்" என்றேன். நேராக ஆசிரியைகள் அறைக்குப் போனேன். இரண்டாம் வகுப்பு டீச்சர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார். கதவோரமாக நின்றபடி, "டீச்சர், ஆகஸ்டுல நான்தான் கொடி கட்டப் போறேன். இதே கையாலதான் கட்டுவேன். தொறக்கலன்னா அன்னிக்கே வேலய வுட்டுப் போயிடறேன்" என்றேன். 

அம்மாவிடம் சொன்னபோது அவள் அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டாள்.

"வேல போச்சின்னா வூட்லயே கெடக்கணுமேடி. பரவால்லியா ஒனக்கு?"

"இப்ப மட்டும் இன்னா? நீ கெளம்பற நேரத்துக்கு என்னிய வாசலுக்கா வர வுடற? உப்புச் சட்டியத்தான பாத்துக்கினு நிக்கிறேன்" என்றேன்.

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அதைச் சொல்லிவிட்டேன்.  அம்மா மறுபடி ஊத ஆரம்பித்தாள், புகை வீடெல்லாம் நிறைந்தது. மறுநாள் காலையும் உப்புச் சட்டியைப் பார்க்கச் சொன்னாள். நானும் போய்ப் பார்த்தேன்.

ஆகஸ்டுக்கு ஆறு மாதம் இருந்தது. பெட்டியில் என் வீட்டுக்காரர் வேட்டி ஒன்று இருந்தது. அதன் நடுவில் கரித்துண்டால் ஒரு சக்கரம் போட்டேன். போடும்போது மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் அவர் இருந்திருந்தால், கோணலாகப் போட்டிருக்கிறாய் என்று சொல்லிச் சிரித்திருப்பார். வேலை முடிந்து வந்ததும் கரைக்குப் போய், வலை காயப்போடுகிற கழியில் கயிறு கட்டி, வேட்டிக்குள் பூவரச இலைகளைக் கிள்ளி வைத்துப் பழகினேன். அவிழாத முடிச்சு எங்கள் ரத்தத்தில் ஊறியது. அவிழ வேண்டிய நேரத்தில் அவிழ்கிற முடிச்சுதான் எனக்கு வரவில்லை. சில நாள் இழுக்கும் முன்பே பிரிந்து இலையெல்லாம் என் தலையில் கொட்டும். சில நாள் கழியே சாய்ந்துவிடும். கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். "அவருக்குக் காரியம் பண்றியா, கல்யாணம் பண்றியா?" என்று ஒருத்தி கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

பூவரச இலையில் பழகியதெல்லாம் ஆகஸ்டு பதினாலாம் தேதி சாமந்தியைத் தொட்டதும் போய்விட்டது. பெரிய டீச்சர் கொடியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பூவை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். அவர் அவசரப்படுத்தவில்லை. இது வேறு ஊர்வலம், இது வேறு ஊர்வலம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு உதிர்த்தேன். அழுதுகொண்டேதான் உதிர்த்தேன். கண்ணைத் துடைத்துவிட்டு முடிச்சைப் போட்டபோது கை உறுதியாக இருந்தது.

மறுநாள் பெரிய டீச்சரே கயிற்றைப் பிடித்தார். நான் பிள்ளைகளுக்குப் பின்னால் சுவரோரம் நின்றேன்.  வேலை போனால் போகட்டும் என்று அத்தனை மாதம் வீம்பாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், அந்த நிமிஷம் ஒற்றியூர்க் கோயில் தெய்வம் ஒன்று விடாமல் கூப்பிட்டேன். பெரிய டீச்சர் ஒரே இழு இழுத்தார்.

கொடி படாரென்று விரிந்தது. பூ கொட்டியது. முன்வரிசைப் பிள்ளைகள் கையை நீட்டிக் கத்தினார்கள். ஒரு கனகாம்பரம் இரண்டாம் வகுப்பு டீச்சரின் கொண்டையில் போய் உட்கார்ந்தது. அவர் அதை எடுக்கவில்லை. தெரியாமல் விட்டாரோ, தெரிந்தே விட்டாரோ. எனக்கு ஓவென்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை, மூக்கைச் சிந்தினேன்.

கொடி விரிந்ததும் எல்லோர் மனசும் விரிந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். "பெரிய டீச்சர் கை ராசி" என்று யாரோ சொன்னதை நானே கேட்டேன். பார்த்தீர்களா, விரியாவிட்டால் என் கை, விரிந்தால் அவர் கை. அதைக் கேட்டதும்தான் சாயங்காலம் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

கொடியை இறக்கிய பிறகு பெரிய டீச்சர் வழக்கம்போல் மறுமுனைக்குக் கை நீட்டினார். "வேணாம்மா. டீச்சர் புடிக்கட்டும்" என்றேன்.

இரண்டாம் வகுப்பு டீச்சர் படியில் நின்றிருந்தார். "நானா? எனக்கு மடிக்கத் தெரியாதே" என்றார்.

நான் என் முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை அவர் பக்கம் வீசினாற்போல் நீட்டினேன். காற்று அதைத் தூக்கியது, பிறகு விட்டுவிட்டது. "தரையில படப் போவுது டீச்சர்" என்றேன்.

அவர் படியிலிருந்து ஒரே எட்டில் இறங்கி அதைப் பிடித்துவிட்டார். யோசித்திருந்தால் பிடித்திருக்க மாட்டார். பிடித்த பிறகு விட முடியாது, ஏனென்றால் நூறு பிள்ளைகளுக்குக் கொடி தரையில் படக் கூடாது என்று அன்று காலையில் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். தந்திரம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

பச்சையை அடியில் மடித்தோம், காவியை அடியில் மடித்தோம். அதுவரை அவர் குனிந்த தலை நிமிரவில்லை. பிறகு என் பக்கம் ஒரு சாண் மடித்துவிட்டு நின்றேன். அவர் மடிக்கவில்லை. நான் அடுத்ததை மடிக்காமல் காத்திருந்தேன். ஒருவர் மட்டும் மடித்துக்கொண்டே போனால் சக்கரம் ஒதுங்கிவிடும், அதை ஜன்னல் கம்பியிடம் நான் ஏற்கெனவே கற்றுக்கொண்டிருந்தேன். இந்த முறை ஒதுங்க விடுவதாக இல்லை. இருட்டும்வரை நிற்க வேண்டுமென்றாலும் நிற்பேன் என்று நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தை நேராகப் பார்த்து, ஒரு சாண் மடித்து, ஓர் அடி எடுத்து வைத்தார். நானும் ஓர் அடி வைத்தேன். இப்படி மூன்று முறை. கடைசியில் அவர் விரல்கள் என் விரல்மேல் பட்டன. சில்லென்று இருந்தன.

"நடுவுல வந்துடுச்சு" என்றார் சக்கரத்தைப் பார்த்து. "வந்துடுச்சி டீச்சர்" என்றேன்.  அடுத்த தை மாதம் நடந்த அவர் மகள் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் நான் வாசல் பெருக்கும்போதே உள்ளே வர ஆரம்பித்தார். குடையும் ஒழுங்காக இருந்தது.

டீச்சரும் நானும் கொடியை மடித்த மறுநாள் விடியலில் அம்மா வழக்கம்போல் உப்புச் சட்டியைப் பார்க்கச் சொன்னாள். நான் போகவில்லை. வாசலில் போய் அவளுக்கு எதிரே நின்றேன். நடுவில் மீன்கூடை நிறைய சங்கராவும் காரப்பொடியுமாக இருந்தது. அத்தனை பாரத்தைத் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது, எதிரே ஓர் ஆள் நின்று தூக்கிவிட வேண்டும். எப்போதும் பக்கத்து வீட்டுக்காரிதான் வருவாள். அம்மா அவள் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"அங்க பாக்காத. நான் தூக்கிவுடறேன்" என்றேன்.

"வாணாண்டி. போ உள்ள."

"போவ மாட்டேன்."

ஆலையில் சங்கு ஊதியது. அம்மாவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்னைப் பார்த்தாளோ தெரியாது. சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு குனிந்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். அவள் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. எனக்குத் தெரியாமல் இந்த இரண்டு வருஷத்தில் அவளுக்கு வயதாகியிருந்தது. கூடையோடு தெருமுனையைத் தாண்டிப் போய்விட்டாள்.

அன்று பள்ளியில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மணியைத் தப்பாக அடித்தேன். காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. வகுப்பில் வெளிச்சம் போதவில்லை என்று பிள்ளைகளைத் தாழ்வாரத்தில் உட்காரவைத்து எழுதச் சொன்னார்கள். கொடிக்குப் பயந்ததைவிட அன்று அந்தக் கூடைக்குப் பயந்தேன். மீன் விற்காமல் போனால் அம்மா என்ன சொல்வாள்?

வீட்டுக்கு வந்தபோது அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கூடை. எட்டிப் பார்த்தேன். பாதிக் கூடை அப்படியே இருந்தது, சங்கரா கண் வெளுத்துப்போய்க் கிடந்தது.  ஒரு செம்பு தண்ணீரை அவளிடம் கொடுத்துவிட்டு நின்றேன். முழுவதையும் குடித்து, முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"இன்னா வெயிலுடி இன்னிக்கி. ஒருத்தியும் வெளிய தலையே காட்டல" என்றாள். வாசலுக்கு வெளியே வானம் அப்போதும் மூடித்தான் கிடந்தது.

மறுநாள் இன்னும் விடியவில்லை. நான் படுத்தேதான் இருந்தேன். வாசலிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள், பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி.

"பாப்பா, எழுந்து வா. கூடய ஒரு கை புடி."